அல்லாடபேட

கம்மனஹள்ளியில் எங்கள் ஸ்கேன் சென்டர்
ஒன்பதரைக்கு ஷட்டர் இறக்கிவிடும்.
அதற்குப் பிறகுதான் சுதேஷ்ணா வருவாள்,
ஆட்டோவில்,
மடியில் செருப்புக் கடை அட்டைப்பெட்டியோடு.
பஞ்சை விலக்கினால்
ஒரு குழந்தையின் கால்.

இரண்டு முனையும் இல்லாத எலும்பு.
வளர்கிற வயதில் முனை ஒட்டியிருக்காது,
மண்ணுக்குள் முதலில் தொலைவது அதுதான் என்றாள்.

மெஷினுக்குப் பெயர் வேண்டும், வயது வேண்டும்,
இல்லாவிட்டால் திரை திறக்காது.
பெயர்: பெட்டி பதினான்கு.
வயது?
பல்லைக் கேட்டால் ஐந்து.
எலும்பைக் கேட்டால் மூன்றரை.
பசித்தாலும் பல் ஏறக்குறைய நேரத்துக்கு முளைத்துவிடும்,
எலும்புதான் காத்திருக்கும்.
ஐந்து என்று அடித்தேன்.

மேசையில் கிடத்திவிட்டு
ஈயக் கதவுக்குப் பின்னால் போய் நின்று
பழக்கத்தில் சொல்லிவிட்டேன்:
"அல்லாடபேட."
கன்னடத்தில் அதற்கு அசையாதே என்று அர்த்தம்.
தமிழ்க் காதில் வேறு மாதிரி விழும்.
நாலாயிரம் வருஷமாய் அசையாததிடம்
எதை வேண்டாம் என்றேனோ.
சுதேஷ்ணா சிரிக்கவில்லை.

படத்தில் குறுக்கே வெள்ளைக் கோடுகள்,
நகத்தால் கீறியதுபோல் மெல்லிசாய்.
வளர்ச்சி நின்ற இடமா என்று கேட்டேன்.
நின்று, திரும்பத் தொடங்கிய இடம்.
மீண்டால்தான் கோடு.
கோடே இல்லாத கால் என்றால்
ஒன்று, குறை அறியாத பிள்ளை,
இல்லையென்றால்
முதல் குறையிலேயே போய்விட்ட பிள்ளை.
படம் இரண்டையும் ஒரே மாதிரிதான் காட்டும்.

அடி அடுக்கில் மாடு மேய்த்தவர்கள்,
எரித்த சாணிச் சாம்பலுக்குள்.
மேல் அடுக்கில் விதைத்தவர்கள்,
குதிர் வைத்தவர்கள்.
பால் குடித்தது நெடுநெடுவென்றும்
கூழ் குடித்தது குட்டையாகவும் இருக்குமே என்றேன்,
எல்லாம் தெரிந்தவள் மாதிரி.
மாடு செத்த வருஷமும் இருந்திருக்கும்,
மழை பெய்த வருஷமும் இருந்திருக்கும் என்றாள்.
பன்னிரண்டு ராத்திரி, முப்பத்தொரு கால்.
கூட்டிப் பார்த்து
பத்தாது, இன்னும் பத்தாது என்று சொல்லிக்கொண்டே
பஞ்சை மூடினாள்.

செவ்வாய்க்கிழமை காலை
ஹெண்ணூர் ரோட்டில் எழும்பும் கட்டடத்திலிருந்து சாபம்மா,
இடுப்பில் ஹணமந்தன்.
ஜல்லிக் குவியலில் சறுக்கி விழுந்து
முழங்கால் வீங்கியிருந்தது.
ஊர் யாத்கிர் பக்கம்.
வயது?
தேர் அச்சு முறிந்த வருஷம் என்றாள்,
எந்தத் தேர் என்று எனக்குத் தெரியும் என்பதுபோல.
வாயைத் திறக்கச் சொன்னேன்.
கீழே இரண்டு புதுப் பல், ரம்ப விளிம்போடு.
ஏழு என்று அடித்தேன்.

அல்லாடபேட.
மூச்சையும் சேர்த்து நிறுத்திக்கொண்டான்,
நான் கேட்காமலே.

முறிவு இல்லை.
டாக்டர் அதை மட்டும் எழுதிக் கையெழுத்துப் போட்டார்.
மூட்டை ஒட்டி, வளர்கிற இடம்
படத்தில் கறுப்பு இடைவெளி,
ஒன்றுமே இல்லாததுபோல.
அதற்குக் கீழே
ஒன்று, இரண்டு, மூன்று
வெள்ளைக் கோடுகள்.
ரிப்போர்ட்டில் அதற்குக் கட்டம் கிடையாது.

நான் எதுவும் சொல்வதாக இல்லை.
அவள்தான் ஃபிலிமை ஜன்னல் பக்கம் தூக்கி
விரலை வைத்தாள். இது?

வளராமல் நின்றான். அப்புறம் வளர்ந்தான்.

சிமென்ட் காய்ந்த விரல்
கீழிருந்து மேலே எண்ணத் தொடங்கியது.
பழையது கீழே என்று
நான் சொல்லியிருக்கவில்லை.
இது தங்கச்சி பிறந்து இவனுக்குப் பால் நின்றபோது.
இது பூனாவில், காய்ச்சல்,
மேஸ்திரி கூலி தராமல் ஓடிப்போன மாசம்.
மூன்றாவதில் விரல் அப்படியே இருந்தது.

"இது எனக்குத் தெரியாது.
அப்போ நான் இங்கே வேலைக்கு வந்துட்டேன்.
இவன் ஊர்ல."

ஹணமந்தன் அதற்குள்
வாசலில் இருந்த எடை மெஷின்மேல் நொண்டி ஏறி
காசு, காசு என்று
கையை நீட்டிக்கொண்டிருந்தான்.