பாதி ஜாக்கி

மூன்று சில்லு மாற்றியாயிற்று.
நாலாவதில், காரைத் தூக்கிப் பிடித்தபடியே
ஜாக்கி இறங்கத் தொடங்கிற்று.

விழவில்லை.
விழுந்திருந்தால் முடிவு சுலபம்.
கோயில் நிர்வாகசபைக் கூட்டத்தில்
நித்திரையாகிறவரின் நாடிபோல
கொஞ்சம், பிறகு கொஞ்சம்,
யாரும் பார்க்கவில்லைத்தானே என்கிற மரியாதையோடு.
முண்டு கொடுத்திருந்தேன்.
கார் அதில் குந்திக்கொண்டது.

லாங்கென்தாலில் ஒக்டோபர் கடைசி.
எங்கள் குடியிருப்பின் விதி:
தரிப்பிடத்தில் வாகனம் திருத்தக்கூடாது.
சில்லு மாற்றுவது திருத்துவதில் சேருமா
என்று அதில் இல்லை.
அதனால்தான் விடிய ஆறு மணி,
நெற்றியில் விளக்கு, வாயில் நட்டுகள்.
மிச்சச் சில்லுக்கு
டிக்கிக்குள் கிடந்த கத்தரி ஜாக்கி வந்து கைகொடுத்தது.
காரோடு சும்மா வந்தது அது.
இத்தனை வருடத்தில் அதை யாரும்
எண்ணிக்கையில் சேர்த்ததில்லை.

நிலவறையில் பழைய போர்வை விரித்து
பெரியவனைக் கிடத்தினேன்.
சிவப்புப் பூச்சு. இரண்டு தொன் தூக்குவேன் என்று
நெற்றியில் ஒட்டிய பெருமை.
ரப்பர் மூடியைப் பிடுங்கினால்
எண்ணெய் எங்கோ அடியில் மினுங்கியது.
வார்த்தேன். வால்வைத் திறந்துவிட்டு
பன்னிரண்டு தரம் வெறுமனே அடித்தேன்.
பால் குடித்த பிள்ளைபோல ஓர் ஏப்பம்.
திரும்பக் காருக்குக் கீழே வைத்து
சோக்கால் கோடு போட்டுக் காத்திருந்தேன்.
பத்து நிமிடத்துக்கு இரண்டு விரல் இறங்கியது
இப்போது ஒரு விரல்.
செத்தும் தொலையவில்லை, சுகப்படவும் இல்லை.

வாங்கினது முப்பத்தொன்பது தொண்ணூறு.
இப்ப அதே கடை, அதே சிவப்பு,
நாற்பத்தொன்பது தொண்ணூறு.
வளையங்கள் ஒரு பைக்கற் பதினாறரை,
வர மூன்று கிழமை.
சுண்டைக்காய் கால்பணம், சுமைகூலி முக்கால்பணம்;
இங்கே சுமைகூலி ஒன்பது பிராங்.
கராஜ்காரர் சுர்பூகன் குனிந்துகூடப் பார்க்கவில்லை:
என்னுடைய ஒரு மணித்தியாலத்துக்கு
நீங்கள் இப்படி மூன்று வாங்கலாம்.
எறிவதும் லேசில்லை.
இரும்பு ஒரு தொட்டிக்குள்,
எண்ணெய் இன்னொரு தொட்டிக்குள்.
எறிவதற்குக் கழற்றப்போகிறவள்
திருத்துவதற்கும் கழற்றலாம்.

ஆனால் என்னுடையது பாதி ஜாக்கிதான்.
கைபிடியில் சுற்றிய நீல ரேப்பில்
இரண்டு பெயரின் முதலெழுத்து இன்னும் அழியவில்லை.
ஜெயரூபியும் நானும்
முதியோர் இல்லத்தின் மூன்றாம் மாடியை
ஆளுக்கு ஒரு பக்கத்திலிருந்து துடைத்துவந்து
நடுவில் சந்தித்த காலம்.
சில்லு மாற்ற எண்பது பிராங்கா என்று வாயைப் பிளந்து
ஆளுக்குப் பத்தொன்பது தொண்ணூற்றைந்து போட்டோம்.
பிறகு ஒரு நத்தார் வேலை.
யார் யாருக்கு மாறித் தருவது என்பதில் ஒரு சொல்.
சொன்னது நான்.
மேலாளரின் மேசைவரை கொண்டுபோனது அவள்.
இரண்டு குளிர்காலமாக ஜாக்கிக்கு அவள் வரவில்லை.
எண்பது கொடுக்கிறாளாம்.

எழுதினேன்:
ஜாக்கி ஒழுகுது. திருத்தவோ, புதுசு வாங்கவோ?

நாற்பது நிமிடம் கழித்து வந்தது:
என்ர பாதியை மட்டும் திருத்து.

பகிடியா, குத்தலா.
இரண்டு தரம் சத்தமாய் வாசித்தேன்,
ஒரு தரம் அவள் குரலில்.
நிலவறை விளக்கு நேரம் முடிந்து அணைந்தது.
சுவரைத் தடவி மறுபடி அழுத்தினேன்.

பைக்கற் வந்த அன்று வெளியே பனி.
பழைய வளையத்தை ஊசியால் கிளப்பி எடுத்தேன்.
ஓரிடத்தில் மயிர்போல ஒரு வெடிப்பு.
விரலில் போட்டுச் சுற்றிச் சுற்றிப் பார்த்தேன்.
எந்தப் பாதியில் என்று
வட்டத்தில் எப்படிச் சொல்வது.

எல்லாமாய் இருபத்தைந்தரை.
பாதி, பன்னிரண்டு எழுபத்தைந்து.
இன்னும் கேட்கவில்லை.
ஜாக்கி தூக்குகிறது.
பத்து நிமிடம் கழித்துப் பார்த்தால்
சோக்குக் கோட்டில்தான் நிற்கிறது,
அல்லது ஒரு நூல் கீழே.