செவ்வாய்க்கிழமை டூட்டி

வெள்ளகோவில் தாண்டி
களத்தில் தேங்காய்ப் பருப்பு காயும் வாசத்துக்குள்
ஸ்கூட்டியை நிறுத்துகிறேன்.
வாட்ச்மேன் எழுந்து நிற்கிறார்.
எட்டாம் வகுப்பு ஜன்னல்கள் சட்டென்று
சத்தமாய்ப் படிக்கத் தொடங்குகின்றன.

காக்கியில் போகணும், லத்தி கூடாது:
மேலிடத்து உத்தரவு.
கையை எங்கே வைப்பதென்று தெரியாமல்
முதல் நாள் முழுக்க
ஒரு சாக்பீஸைப் பிடித்துக்கொண்டிருந்தேன்.

"லத்தி எங்கீங்க்கா?"
முன்பெஞ்சில் ஒருத்தி.
"ஸ்டேசன்ல தூங்குது" என்றேன்.
எல்லோரும் சிரித்தார்கள்.
மூன்றாம் பெஞ்சில் ஒருவன் மட்டும்
அது தூங்காது என்று தெரிந்தவனாக
டெஸ்க்கைச் சுரண்டிக்கொண்டிருந்தான்.

புகார்ப் பெட்டிக்கு இரண்டு சாவி.
ஒன்று ஹெச்.எம். குழந்தைவேல் சாரிடம்
மற்றது என்னிடம்.
இரண்டும் சேர்ந்தால்தான் திறக்கும் என்று நம்பித்தான்
பிள்ளைகள் எழுதுகிறார்கள்.
உண்மையில் ஒரு ஹேர்பின் போதும்.

பொண்ணுங்க பாத்ரூம்ல தாழ்ப்பாள் இல்லை.
கணக்கு சார் என்னை எருமைங்கறார்.
பத்தாவது அக்காவுக்கு மாப்பிள்ளை பாக்கறாங்க, நான் சொன்னேன்னு சொல்லாதீங்க.
உங்க சம்பளம் எவ்வளவு?
எங்க கையில கட்டுன கலர் கயித்த அறுத்தீங்க,
எங்க மாமன் கார்க் கண்ணாடில ஒட்டுனத எப்ப உரிப்பீங்க?

(இந்தக் கடைசிச் சீட்டை
இரண்டாக மடித்தேன். பிறகு நான்காக.)

அடியில்
கட்டம் போட்ட நோட்டில் கிழித்த தாள்:
"எங்கப்பா போனு உங்க ஸ்டேசன்ல இருக்குது.
அதுலதான் நாலரைக்கு அலாரம்.
அது இல்லாம அம்மா
ரெண்டு நாள் மில்லு வேன உட்டுருச்சு."
பெயர் இல்லை.
டெஸ்க்கைச் சுரண்டியவனின் நகம் இருந்தது எழுத்தில்.

கிணற்று மோட்டார் கேபிள் கேஸ்.
மொபட்டில் பழைய இரும்பு எடுக்கப் போகிறவர்.
பெயர், தகப்பன் பெயர், அங்க அடையாளம்
அன்றிரவு எழுதியது என் கை.
உள்ளறையில் நடந்ததை
எழுதச் சொல்லவில்லை.
எழுதவில்லை.

நாலு நாளாய் விடியாததற்கு முன்னே
பீரோவுக்குள் ஒரு சேவல் கூவுதென்று
பாராக்காரர் சொல்லிச் சிரித்தது
இப்போது நினைவுக்கு வந்தது.
அஞ்சாம் நாள் கூவவில்லை.
சார்ஜ் தீர்ந்திருக்கும்.

இன்ஸ்பெக்டரிடம் கேட்டேன்.
"ஃபார்ம் தொண்ணூத்தஞ்சுல ஏறிப்போச்சும்மா,
இனி கோர்ட்தான் குடுக்கணும்.
உன்னைப் பள்ளிக்கூடத்துக்கு அனுப்பறது
சிநேகிதம் பண்ண.
கேஸ் கொண்டாற இல்ல."

அடுத்த செவ்வாய்
சைக்கிள் ஸ்டாண்டில் தனியாக யுகேந்திரன்.
செயின் கழன்ற சைக்கிள், கையெல்லாம் கிரீஸ்.
"கோர்ட்ல மனுப் போட்டா திருப்பித் தருவாங்க" என்றேன்.
நோட்டீஸ் போர்டு பேசுவதுபோல் இருந்தது எனக்கே.

முதல்முறையாக நிமிர்ந்தான்.
என் முகம்வரை வரவில்லை,
தமயந்தி என்ற பித்தளையோடு நின்றுவிட்டான்.

"கோர்ட்டு எங்கீங்?"
"காங்கேயம்."
"எனக்குப் பாஸ் இருக்குதுங்.
அம்மாவுக்கு டவுன் பஸ்ஸுல காசில்லீங்."
உதடசைத்து ஏதோ கூட்டிக் கழித்தான்.
"ஆனா ஒரு ஷிப்ட்டுக் கூலி போயிருமுங்."

பெல் அடித்தது.
செயினை மாட்டாமலே போய்விட்டான்.
நான் மாட்டினேன். மூன்று தடவை நழுவி
நாலாவதில் பல்லில் விழுந்தது.

கிரீஸ் விரலோடு
விசிட் நோட்டைத் திறந்தேன்.
வந்த மனு: ஆறு.
தீர்ந்தவை என்ற கட்டத்துக்கு நேரே
வெகுநேரம் பேனாவைப் பிடித்திருந்துவிட்டு
தாழ்ப்பாள் என்று எழுதினேன்.