ஐந்துக்கு மூன்றும் சொச்சமும்

யெசீனியா பாரகான்,
உன் கோப்பு என் மேஜைக்கு வந்தபோது
வெள்ளிக்கிழமை, மணி நாலே முக்கால்.
வெளியே பனி. கார்க் கண்ணாடியைச் சுரண்டவே
பத்து நிமிடம் ஆகும் எனக்கு.

யாக்கிமாவில், உன் சமுதாயக் கல்லூரியில்,
வருடத்தை மூன்றாய் வெட்டுகிறார்கள்.
இங்கே இரண்டாய்.
அதனால் அங்கே ஐந்து கிரெடிட்
இங்கே மூன்றும் சொச்சமும்.
யாரும் திருடவில்லை. கணக்கு அப்படி.

வேதியியல் செல்லும். புள்ளியியல் செல்லும்.
கட்டுரைப் பயிற்சி, இரண்டாம் முயற்சியில் பி பிளஸ், செல்லும்.
ஆப்பிள் தோட்டப் பூச்சிகள், ஐந்து கிரெடிட், ஏ:
இதற்கு இணையாக இங்கே பாடம் இல்லை.

இணைப்புகளைப் புரட்டினேன்.
விடியுமுன் பொறிகளில் அந்துப்பூச்சி எண்ணியிருக்கிறாய்.
எட்டாம் வாரத் தாளின் ஓரத்தில், பென்சிலில்:
'பேக்கிங் ஷெட்டிலிருந்து நேரே வந்தேன், தாமதத்துக்கு மன்னிக்கவும்.'
அதையும் சேர்த்தா ஸ்கேன் செய்வாய்?

என் மகன் முதல் வருடமே இங்கே சேர்ந்தான்.
அதே வேதியியல். அதே புத்தகம்,
விலைச்சீட்டு உட்பட அதே.
வகுப்புக்கு மட்டும் மூன்று மடங்கு.
அவன் கடன் கடிதம் மாதாமாதம் என் பெயருக்கு வருகிறது.

விதிகளில் ஒரு சந்து உண்டு:
பூச்சியியல், துறைத்தலைவர் ஒப்பினால்.
போன் செய்தேன்.
கிளம்பிவிட்டாராம்.

மஞ்சள் சீட்டில் எழுதி ஒட்டினேன்:
திங்கள், முதல் வேலை.
பிறகுதான் பார்த்தேன்,
உன் கட்டணக் கெடுவும் திங்கள்.

கோட்டைக் கழற்றி நாற்காலியில் மாட்டினேன்.
அவர் வீட்டு எண் எங்கோ இருந்தது.