மூன்றடி உயரம்

கார்த்திகையில் முகூர்த்தம் என்றதும்
வேளச்சேரி மண்டபக்காரர்
கேட்காமலே விலையைக் குறைத்தார்.
சுவரில் பெயின்ட் வாசனை.
இடுப்பு வரை ஒரு நிறம், அதற்கு மேல் வேறு நிறம்.
"டிசைன் சார்" என்றார்.
ஜோதிலிங்கம் சுவிட்ச் போர்டைத் தேடினான்.
எல்லாம் அவன் தலைக்கு மேலே இருந்தன.

பரங்கிமலைப் பக்கம் இன்னொரு மண்டபம்.
தெருவிலிருந்து ஆறு படி.
படிக்கு அரையடி.
மூன்றடி உயரத்துக்கு
நாற்பத்தைந்தாயிரம் கூடுதல்.
"அடி பதினஞ்சாயிரம்" என்று வகுத்துச் சொன்னான்.
கிரவுண்டு விலை கேட்டே வளர்ந்த ஊரில்
உயரத்துக்கும் விலை இருந்தது
எனக்கு வியப்பாக இல்லை.
அட்வான்ஸ் கொடுத்துவிட்டு இறங்கும்போது
இரண்டு பேரும் படிகளை
மறுபடி எண்ணினோம்.

அந்த நாற்பத்தைந்தை எங்கே பிடுங்குவது?
கிண்டி ஸ்டேஷன் பெஞ்சில் உட்கார்ந்து
மூன்று தாம்பரம் வண்டிகளைப் போகவிட்டு
கணக்குப் போட்டோம்.

முதலில் ட்ரோனை இறக்கினோம்.
வசுமதி அத்தை பெண் கல்யாணத்தில்
அது தாழப் பறந்து
ஹோமப் புகையெல்லாம் மாப்பிள்ளை கண்ணில்.
சாக்லேட் நீரூற்று, போச்சு.
பெயர் வெட்டிய தெர்மகோல் இதயம், போச்சு.
பாரிமுனையில் பத்திரிகை பார்த்தோம்:
பெட்டியும் குங்குமச் சிமிழும் சேர்த்து எண்பது ரூபாய்,
வெறும் அட்டை பதினெட்டு.
"சிமிழ் இல்லாம யாரு மதிப்பா?" என்றாள் அம்மா.
போன கல்யாணங்களின் சிமிழ்கள்
எங்கள் வீட்டு அலமாரியில்
பதினோரு மூடிகளாகவும்
நான்கு அடிப்பாகங்களாகவும் இருந்தன.

பட்டில் நான் விட்டுக்கொடுக்கவில்லை.
அதையும் சொல்லிவிடுகிறேன்.
தி. நகரில், ஐந்தாவது கடையில்,
கத்திரிப்பூ நிறம்.
கடைக்காரர் பிரித்துப் போட்டபோது
கைவிரல் தானாகப் போய்த் தொட்டது.
விலை?
அவனுக்கே இன்னும் சொல்லவில்லை.

மிச்சமிருந்தது இலை.
ஓர் இலை முந்நூற்றெண்பது.
நானூறு போடலாம் என்றார் சமையல்காரர்.
"மழைன்னா அம்பது பேர் நின்னுடுவாங்க,
முந்நூத்தம்பது போதும்" என்றேன்.
மழைக்குப் பயந்து கொடுத்ததும்
மழையை நம்பிக் குறைத்ததும்
நோட்டில் ஒரே பக்கத்தில்.
அப்போது அது எங்களுக்கு உறைக்கவில்லை.

கல்யாணத்தன்று
விடியும்போதே வெயில்.
தேய்த்துக் கவிழ்த்த எவர்சில்வர் தட்டாக வானம்.
ஆறு படிகளும் சூடேறிக் கிடந்தன.
முழங்காலைப் பிடித்தபடி ஏறியவர்கள்
"எதுக்கும்மா இவ்ளோ உசரம்?" என்றார்கள்.
"இந்த வானத்துக்கு
ட்ரோன் வெச்சிருக்கணும்" என்றாள் வசுமதி அத்தை.
வேளச்சேரியில் அந்த மண்டபத்திலும்
அன்று ஒரு கல்யாணமாம்.
தரை காய்ந்திருந்ததாம்.
யாரும் கேட்காமலே
ஒருவர் வந்து சொன்னார்.

மழை வராததால்
எல்லோரும் வந்தார்கள்.
பத்திரிகை வைக்காத இருவர்கூட.

கடைசிப் பந்தியில் நாங்கள் உட்கார்ந்தபோது
சமையல்காரர் என் முகத்தைப் பார்க்கவில்லை.
இலை தீர்ந்து பாக்குமட்டைத் தட்டு.
வடை இல்லை. பாயசம் வழித்தாயிற்று.
சோறு, ரசம்,
வாழைக்காய் வறுவலில் உதிர்ந்த தூள்.

ஜெனரேட்டர்காரர் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார்.
"கரண்டே போகலம்மா" என்றார்,
தன்மேல் தப்பு என்பதுபோல.
அவருக்குப் பேசியது மூவாயிரத்து ஐந்நூறு.
பாதி கொடுத்தால் போதும் என்று
தூணருகில் நின்று சித்தப்பா சைகை காட்டினார்.
"முழுசாவே குடுத்துடு" என்றேன்.

ஜோதிலிங்கம் பணத்தை எண்ணிக் கொடுத்தான்.
வேட்டியைச் சரிசெய்துகொண்டு
என் பக்கம் குனிந்தான்.
"இப்பவாச்சும் சொல்லு,
இந்தப் புடவை எவ்ளோ?"

முந்தானையை மடியில் சுருட்டிக்கொண்டேன்.
ரசம் நல்ல சூடாக இருந்தது.
பிசைந்தேன்.