விடலாம்

ஒன்பது நாளாகத் திறக்கவில்லை.
தோல்பவளம் மெழுகுப் படலம் போர்த்திக்கொண்டு
முகம் கழுவாதவன் போலக் குனிந்து நிற்கிறது.
அப்படித்தான் தோலுரிக்கும் என்று
முதல் நான்கு நாள் பியூலாவிடம் சொன்னேன்.
ஐந்தாம் நாள் சீனியா கையை நிறுத்தியது.
இரவும் பகலும் மூடித் திறக்கிற கை அது,
எதையோ எண்ணிக்கொண்டே இருக்கிற கை.

ஹைகிரவுண்டில் எனக்கு எக்ஸ்ரே அறை. ராத்திரி டூட்டி.
நிழல் பார்த்துப் பழகிய கண்ணுக்கு
இந்த மூன்றடித் தொட்டியில் ஒன்றும் பிடிபடவில்லை.

உப்பைப் பார்த்தேன். சரி.
கருவியே பொய் சொல்லுமோ என்று
வடிநீர் ஒரு சொட்டு விட்டுப் பூஜ்யத்தையும் பார்த்தேன். சரி.
காரத்துக்கு எட்டாம் சொட்டில் நீலம் மஞ்சளானது.
வெப்பம் இருபத்தேழு.
ஆனிக் காற்றில் இரண்டு முறை கரண்ட் போனது,
இன்வெர்ட்டர் தாங்கியது.
விளக்கை நாலு விரற்கடை உயர்த்தினேன்.
அலை மோட்டாரைச் சுவர்ப் பக்கம் திருப்பினேன்.
தோல்பவளமும் காளான்பவளமும்
தண்ணீருக்குள்ளேயே விஷம் கக்கி வைதுகொள்ளுமாம்,
ஒரே வளவில் பேச்சு நின்ற இரண்டு வீட்டுக்காரர்கள் மாதிரி.
நடுவில் ஒரு கல்லை நகர்த்தி வைத்தேன்.

உவரியிலிருந்து கேனில் கொண்டுவந்த கடலைச் சந்தேகித்தேன்,
டீசல் மிதக்காத இடமாய்ப் பார்த்து
இடுப்பளவு இறங்கித்தான் மொண்டது.
கொசுமருந்தைச் சந்தேகித்தேன்.
அவள் தலைக்குப் போடும் ஸ்ப்ரேயை.
"வீட்ல எல்லாரையும் சந்தேகப்பட்டாச்சா?" என்றாள்.

எல்லாரையும் இல்லை.

ஆசீர், அவள் தம்பி, ஹாலில் படுக்கிறான்.
தம்மாமிலிருந்து கம்பெனி திருப்பி அனுப்பி ஐந்து மாதம்.
இரண்டாவது தோசை வேண்டாம் என்பான்.
குளித்துவிட்டுக் குளியலறையின் ஈரத்தையும் துடைத்துவிட்டு வருவான்.
நான் வண்டியை எடுக்கும்போது மட்டும் நிமிர்ந்து,
"தொட்டிய நான் பாத்துக்கிடுதேன் அத்தான்."
ஆவியாய்ப் போகிற தண்ணீரை ஈடுகட்டுவது அவன் பொறுப்பு.
தினம் இரண்டு லிட்டர்.
கோடு பிசகியதில்லை.

பத்தாம் நாள் காலையில்
நத்தைகள் மூன்று மல்லாக்க விழுந்து கிடந்தன.
நத்தைக்கு எது ஆகாது என்று யோசித்தபடியே
அடுக்களைக்குள் வந்தேன்.
ஆர்ஓ குழாயின் கீழே
பியூலாவின் சீதனக் குடம்,
செம்பு,
புளி போட்டுத் துலக்கி, மினுங்கி,
விளிம்பு வரை நிறைந்து.

"பிளாஸ்டிக் வாளி வேண்டாம்னு தோணிச்சு அத்தான்.
செம்புத் தண்ணி உடம்புக்கு நல்லதும்பாங்கல்லா.
ராத்திரியே பிடிச்சு வச்சிருவேன்."

பெயரிலேயே தாமிரம் வைத்திருக்கிற ஆற்றைக் குடித்து
வளர்ந்த உடம்புகள் எங்களுடையவை.
எலும்பில்லாத இவற்றுக்கு
அதில் ஒரு பொட்டு ஆகாது.

சொல்ல வாயெடுத்தேன்.
தொட்டிக் கண்ணாடியில்
என் விரல் பட்ட தடங்களை
அவன் துண்டால் துடைத்துக்கொண்டிருந்தான்.

"அளவுக்கோடு போட்ட கேன் ஒண்ணு வாங்கியிருக்கேன்.
இனி அதுல பிடி."
வாங்கியிருக்கவில்லை.
சாயங்காலம் வண்ணார்பேட்டையில்தான் வாங்கினேன்.

பாதித் தண்ணீரை மாற்றினேன்.
சிரட்டைக் கரித் துகளைப் பழைய காலுறையில் கட்டி
ஓட்டத்தில் தொங்கவிட்டேன்.
குடம் பரண்மேல் கவிழ்ந்தது.
ஏன் என்று பியூலா கேட்கவில்லை.
அவனும் கேட்கவில்லை,
அன்றைக்கு அரைத் தோசையோடு எழுந்துவிட்டான்.

இன்று ராத்திரி
லாரியிலிருந்து விழுந்த வாழைத்தார்ச் சுமைக்காரர் ஒருவர்
பலகையில் நெஞ்சைச் சாய்த்து நின்றார்.
"மூச்ச நல்லா இழுங்க. பிடிங்க."
பொத்தானில் விரல் வைத்தபோது
சீனியாவின் மூடிய கை நினைவுக்கு வந்தது,
அதன் எதிரே பாயில் விழித்துக் கிடப்பவனும்.

எவ்வளவு நேரம் நின்றேனோ தெரியவில்லை.
கண் பிதுங்க அவர் என்னைத் திரும்பிப் பார்க்கிறார்.

"விடலாம்" என்றேன்.
"விடலாம், விடலாம்."