சான்றிதழில் எருது

மாலை ஐந்தரை மணி கம்பெனி பஸ்
ஆரம்பாக்கத்தில் என்னை ஏற்றிக்கொள்ளும்போது
நான் எலி.
சாவடி தாண்டி
போர்டுகளில் எழுத்தெல்லாம் உருண்டையாகிற இடத்தில்
எருதாகிவிடுவேன்.

ஆரம்பித்து வைத்தவள் வென் மேடம்.
செல்போன் கேமராவுக்குக் கண்ணாடி ஒட்டும் லைனில்
குறை பார்க்க வந்தவள்.
பன்னிரண்டே காலுக்கு டீ, பதினோரு நிமிடம்.
கேன்டீன் சுவரில் சிவப்புக் காலண்டர்,
கட்டம் கட்டமாகப் பன்னிரண்டு மிருகம்.
எங்கள் அடையாள அட்டையைத் திருப்பி
பிறந்த வருஷம் பார்த்து
ஒரு கட்டத்தில் விரல் வைப்பாள்.
மிச்சத்தை அவள் கைபேசி தெலுங்கில் சொல்லும்.
தமிழில் சொல்வது என் வேலை.
எத்து என்றது, எருது என்றேன்.
குந்தேலு என்றது, முயல் என்றேன்.
புலி மட்டும்
எல்லைக்கு இரண்டு பக்கமும் புலி.

புலி யாரென்றால் பரிமளகாந்தி.
பல்லி விழுந்தால் பலன் பார்க்கிறவள்.
கோபம் வரும், யாருக்கும் அடங்காது என்றதாம் கட்டம்.
மறுநாள் ஹாஸ்டல் வார்டனிடம்
சாம்பாரில் பருப்பு எங்கே என்று கேட்டுவிட்டாள்.

இரண்டாயிரத்தில் பிறந்த ஹேமலதாவுக்கு டிராகன்.
சினிமாவில் நெருப்புக் கக்குமே என்றாள் நாகமணி.
இல்லை, கோயில் தூணில் நிற்குமே என்றேன் நான்.
கடைசியில் யாளி என்று முடிவானது.
மேடமும் தலையாட்டினாள், என்ன புரிந்ததோ.

எனக்கு எருது.
உழைக்கும். பேசாது. போன தடத்திலேயே போகும்.
சூப்பர்வைசர் கோட்டய்யா
பக்கத்தில் நின்று டீ ஆற்றிக்கொண்டிருந்தார்.
திங்கட்கிழமையிலிருந்து
ஓவர்டைம் பட்டியலில் முதல் பெயர் செல்வநாயகி.

விஷயம் என்னவென்றால்
நான் பிறந்தது தாது வருஷம், ஆடி.
பள்ளிக்கூடத்தில் சேர்க்கையில் அப்பா
ஒரு வயதைக் குறைத்து
ஜூன் ஒன்று, தொண்ணூற்றேழு என்று எழுத வைத்தார்.
சர்க்கார் வேலைக்கு ஒரு வருஷம் கூடக் கிடைக்குமாம்.
கூடக் கிடைத்த வருஷத்திலும்
சர்க்கார் கூப்பிடவில்லை.

யாருமில்லாதபோது நானே விரல் வைத்துப் பார்த்தேன்.
தொண்ணூற்றாறு. எலி.
சந்து பார்க்கும், சேர்த்து வைக்கும், ஆபத்தை முதலில் மோப்பம் பிடிக்கும்.
பஸ்ஸில் எனக்கு எப்போதும் கதவோர ஸீட்.
அரிசி டின்னுக்குள் சீட்டுப் பணம்.
வருவது எவர் செருப்பு என்று
திரும்பாமலே சொல்வேன்.

அவரவர் வருஷம் அவரவருக்கு ஆகாது என்று
எருது வருஷம் பிறந்த அன்று
மேடம் என் மணிக்கட்டில் சிவப்புக் கயிறு கட்டினாள்.
எனக்கு ஆகாத வருஷம்
அதற்கு முன்பே வந்து
பஸ்ஸை நிறுத்தி, கம்பெனியைப் பூட்டி,
சாவடியில் குறுக்கே மூங்கில் கட்டிவிட்டுப் போயிருந்தது.
அப்போது என்னிடம் கயிறில்லை.
ஊருலகத்தில் யாரிடமும் இருந்ததாகத் தெரியவில்லை.

அப்பனுக்கு வாகனம் எருது, பிள்ளைக்கு எலி,
எதுவானால் என்ன, சுமக்கத்தானே
என்கிறாள் பரிமளகாந்தி.
சுமந்துகொண்டே கொழுக்கட்டை தின்பது எது
என்று கேட்டேன்.

நேற்று இரவு இரண்டு மணிக்கு லைன் நின்றது.
மூன்றாம் மெஷினில் வயரை எதுவோ கடித்திருந்தது.
முதலில் ஸ்டூல் மேல் ஏறியது புலி.
கோட்டய்யா பசை தடவிய அட்டையை என் கையில் கொடுத்தார்,
நீதான் அசையமாட்டாயே என்று.

டேப் பெட்டிக்குப் பின்னால்
இரண்டு மீசை முடி, ஒரு கண்.
அது என்னைப் பார்த்தது.
பெட்டியைச் சுவரோடு மெல்லத் தள்ளி வைத்தேன்,
வால் போகிற அளவு சந்து விட்டு.
இங்கே ஒன்றுமில்லை சார்.

நாற்பது நிமிடம்.
தொண்ணூறு பெண்கள் கால் நீட்டி உட்கார்ந்தோம்.
ஹேமலதா தூங்கியே போனாள்.

விடிந்து வெளியே போகும்போது
வென் மேடம் காலண்டர் முன்னால் நின்றிருந்தாள்.
என் கயிற்றைப் பார்த்தாள், முகத்தைப் பார்த்தாள்.
எருதின் மேல் இருந்த விரல்
ஒரு கட்டம் பின்னால் போய்
அங்கேயே நின்றது.