வாலண்டியர் ஒன்று

புது மெஷின் வந்து ஆறு நாள்.
அல் கோரில் வெள்ளிக்கிழமை, வெளியே நாற்பத்தாறு டிகிரி.
உள்ளே, காந்தத்தின் வயிற்றில்,
மைனஸ் இருநூற்று அறுபத்தொன்பது.
அந்தக் குளிருக்கு ஊற்றுகிற ஹீலியம்
பக்கத்து ராஸ் லஃபானில்
கடலடி வாயுவிலிருந்து பிரிகிறது என்றார் எஞ்சினியர்.
தினம் அந்த பஸ்ஸில் போகும் நம்மூர்ப் பையன்கள்
ஒருத்தரும் சொன்னதில்லை.

இடுப்புப் பகுதிக்கு அளவு வைத்துப் பார்க்க
நோயில்லாத ஒரு பெண் வேண்டும்.
மரிவிக்குள் காப்பர் டி இருக்கிறது.
டாக்டர் ஷேய்காவுக்கு ஏழாம் மாதம்.
மிஞ்சியது நான்.

ஒன்பது வருஷமாய் மற்றவர்களைக் கேட்டதை
என்னையே கேட்டு டிக் அடித்தேன்.
பேஸ்மேக்கர்? இல்லை.
கண்ணில் இரும்புத்தூள்? இல்லை.
கர்ப்பம்?
பேனா சற்று நின்றது, பழக்கத்தில்.
இல்லை.

கழுத்து மாதாவைக் கழற்றி ட்ரேயில் வைத்தேன்.
டங் என்றாள்.

இருபத்துமூன்று நிமிடம் தட்டல்,
வாடகை பாக்கிக்காரன் வீட்டுக் கதவில் போல.
ஆடாதீங்க, ஆடாதீங்க என்று
எத்தனை பேரை அதட்டியிருப்பேன்.
மூச்சும் ஓர் ஆட்டம்தான்.

பிறகு கோட்டை மாட்டிக்கொண்டு
கன்சோலில் வந்து உட்கார்ந்தேன்.
டி-ஒன்னில் எல்லாம் ஒரே சாம்பல்,
மணல்காற்று நாளின் ஜன்னல்.
டி-டூவில் திறந்தது:
நடுவில் வெள்ளைக் கீற்று,
அதைச் சுற்றி மெல்லிய கறுப்புக் கரை,
கரைக்கு வெளியே சாம்பல் தசை.
நிறைந்த சிறுநீர்ப்பையின் மேல் முன்சாய்ந்து,
பால்கனிச் சுவரில் முழங்கை ஊன்றித்
தெருவைப் பார்க்கிறவள் மாதிரி.

கீற்று ஒன்பது மில்லிமீட்டர்.
விரல் விட்டு எண்ணினேன், பதினோராம் நாள்.
யாரோ வரப்போவதாய்ப்
பாய் விரித்துக்கொண்டிருக்கிறது.
நாற்பத்தொரு வயது எனக்கு.
யாரையும் கூப்பிடுவதில்லை என்று
எப்போதோ முடிவெடுத்தாயிற்று,
வீட்டில் சண்டை போட்டுச் சொல்லியாயிற்று.
இதற்குத்தான் யாரும் சொல்லவில்லை.
சொல்லியிருந்தாலும் விரித்திருக்கும்.

ஷேய்கா எட்டிப் பார்த்தார். கை தன் வயிற்றின்மேல் இருந்தது.
"அழகு. பாடப்புத்தகத்தில் போடலாம்."
எஞ்சினியர் பெயரை அழித்தார்.
அமலோற்பவம்:
ஆங்கிலத்தில் பதினொரு எழுத்து,
பேட்ஜில் முழுசாய் இடம் கிடைக்காத பெயர்,
ஒரே தட்டில் போனது.
வாலண்டியர் ஒன்று. பெண். கர்ப்பப்பை இயல்பு.

இப்போது யாருக்காவது
கறுப்புக் கரை தடித்தோ கலங்கியோ தெரிந்தால்
ட்ரெயினிகள் இடது திரையில்
என்னைத் திறந்து வைத்துக்கொள்கிறார்கள்.
நேற்று ஒருத்தி கேட்டாள், இது யாரோடது?
தெரியாது என்றேன்.
கரை எவ்வளவு தெளிவு பாரு, என்றேன்.